வீடா, பூங்காவா? ரிம்பா கியாரா வழக்கு கிளப்பும் வீட்டுக் கணக்கு

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரத்தில் ரிம்பா கியாரா பூங்காவை ஒட்டி ஒரு நீள வீட்டு வரிசை இருக்கிறது. 'ரூமா பாஞ்சாங்' என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கே குடியிருப்பவர்கள் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். 1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, நிரந்தர வீடு கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லித்தான் ஏறக்குறைய 100 குடும்பங்களை இந்த நீள வீடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டம் இருந்த குன்றில் இன்று கோல்ஃப் திடலும் குதிரையேற்ற மன்றமும் உள்ளன. தற்காலிக வீடு மட்டும் நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

2017 ஜூலையில் ஒரு மேம்பாட்டுத் திட்டத்திற்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. நீள வீட்டுக் குடும்பங்களுக்கும் மற்றவர்களுக்கும் 350 மலிவு விலை வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்று. அதனுடன் 42 முதல் 54 மாடி வரை உயரும் எட்டு சொகுசு அடுக்குமாடிக் கட்டடங்கள். இவை எல்லாம் எழுவதற்கு 25 ஏக்கர் பூங்காவில் 12 ஏக்கர் தேவைப்பட்டது. தாமான் துன் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அந்த வழக்கு ஓடிய ஆண்டுகளில் ஊடகங்களிலும் காப்பிக்கடைகளிலும் அதிகம் கேட்ட கேள்வி, ஏழைக்கு வீடா, வசதி படைத்தவர்களுக்குப் பூங்காவா என்பதுதான். நம்மவர்கள் பலர் இயல்பாகவே வீட்டின் பக்கம் நின்றார்கள். வழக்குப் போட்டவர்களைத் திட்டவும் செய்தார்கள். ஆனால் கேள்வியே தவறு. நீள வீடுகள் இருக்கும் இடத்திலேயே அந்த மக்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பதில் தங்களுக்கு மறுப்பில்லை என்று வழக்குத் தொடுத்தவர்கள் தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்தார்கள். சிக்கல் 350 வீடுகளில் இல்லை, அந்த வீடுகளைக் காட்டிக்கொண்டு வந்த எட்டுக் கோபுரங்களில் இருந்தது. தோட்ட மக்களின் வீட்டுத் தேவை, ஒரு பெரிய வணிகத் திட்டத்தின் முகப்பில் மாட்டிய பெயர்ப்பலகைபோல ஆகிவிட்டது.

ஒரு வீடமைப்புத் திட்டம் மக்களுக்கு என்ன செய்கிறது, மண்ணுக்கும் மரத்துக்கும் என்ன செய்கிறது என்பதை யார் கணக்கிடுகிறார்கள்? எப்போது கணக்கிடுகிறார்கள்? நம் மக்களைப் பொறுத்தவரை இது ஏட்டுக் கேள்வி அல்ல. தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு புறம்போக்கு வீட்டுக்கும் நீள வீட்டுக்கும், அங்கிருந்து அடுக்குமாடிக்கும் என்று மூன்று தலைமுறைகளாக இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் நாம்.

எதை எண்ணுகிறோம்?

மலிவு விலை வீட்டுத் திட்டம் ஒன்று முடிந்ததும் வரும் அறிவிப்பைக் கவனித்தால், அதில் மூன்று எண்கள் இருக்கும். எத்தனை வீடுகள், எவ்வளவு செலவு, எந்த மாதம் சாவி. மூன்றும் தேவையான எண்கள்தாம். ஆனால் சாவி வாங்கிய மறுநாளிலிருந்து குடும்பம் வாழப்போகும் வாழ்க்கை இந்த மூன்றில் எதிலும் இல்லை.

பிபிஆர் என்று நாம் அழைக்கும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகள் 700 சதுர அடி அளவில், மூன்று அறைகள் கொண்டவை. தலைநகரில் மாத வாடகை 124 ரிங்கிட். வெளிச்சந்தையில் இந்த வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. இந்த வாடகைதான் ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தலைநகருக்குள் நிறுத்தி வைத்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் வாடகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, வேலை இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் தொலைவான அடுக்குமாடிக்கு மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போகும் இரண்டு பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 6 ரிங்கிட் கூடுதல் பயணச் செலவு. மாதம் 26 நாள் வேலை என்றால் 312 ரிங்கிட், அதாவது வாடகையைப்போல் இரண்டரை மடங்கு. பள்ளிப் பேருந்துக் கட்டணத்தையும், அதிகாலையில் எழுந்து ஓடும் தாயின் தூக்கத்தையும் இதில் சேர்க்கவில்லை. திட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் இந்த 312 ரிங்கிட் எங்கேயும் வராது. அது குடும்பத்தின் பையிலிருந்து போகும் பணம், திட்டத்தின் செலவு அல்ல. சமூகத் தாக்கம் என்று நிபுணர்கள் பெரிய பெயர் வைத்துப் பேசுவது இதைத்தான். திட்டம் செலுத்தாத விலையை வேறு யாரோ செலுத்துகிறார்கள், அது யார், எவ்வளவு என்று கேட்பது.

சில நேரம் அந்த விலை பணமாகவே இருக்காது. பினாங்கின் கம்போங் புவா பாலா 2009-இல் இடிக்கப்பட்டது நினைவிருக்கும். மாடும் ஆடும் வளர்த்துப் பால் விற்றுப் பிழைத்த தமிழர் கிராமம் அது. மாற்று ஏற்பாடாக இரட்டை மாடி வீடுகள் முன்வைக்கப்பட்டன. வீட்டுக்கு வீடு என்று பார்த்தால் அது குறைந்த இழப்பீடு இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் இரட்டை மாடி வீட்டில் மாட்டுத் தொழுவம் கிடையாது. வீட்டோடு தொழிலும் சேர்ந்தே இருந்த மக்களுக்கு, வீட்டை மட்டும் எண்ணிக் கொடுத்தால் மீதி எங்கே போகும்?

சுவரில் விழுந்த விரிசல்

புத்ராஜெயா எழுந்த நிலத்தில் பேராங் பெசார், கேலோவே, மெடிங்லி, செட்ஜ்லி என்று நான்கு தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இடம் கொடுத்தவர்கள். பின்னர் பல ஆண்டுகளாக அவர்கள் பேசியது சுவரில் விழுந்த விரிசல்களைப் பற்றியும் கட்டடத்தின் உறுதியைப் பற்றியும்தான். அந்த ஆதங்கம் தமிழ் நாளேடுகளில் மீண்டும் மீண்டும் செய்தியானது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. தாக்கத்தைத் திட்டம் தொடங்கும் முன் ஒரு முறை மதிப்பிட்டுக் கோப்பில் போட்டு மூடினால் போதாது. ஐந்து ஆண்டுகள் கழித்து மின்தூக்கி வேலை செய்கிறதா, தண்ணீர் மேல்மாடி வரை ஏறுகிறதா, சுவர் நிற்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய பொறுப்பு யாருக்கு என்பதும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கட்டியவர் ஒருவர், ஒப்படைத்தவர் ஒருவர், பராமரிப்பவர் இன்னொருவர் என்று ஆகும்போது, விரிசல் யாருடையது என்பதே விவாதமாகிவிடுகிறது.

யூனிசெஃப் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த வகையில் முக்கியமானது. கோலாலம்பூரின் 17 மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 966 குடும்பங்களையும் 2,142 பிள்ளைகளையும் அது ஆராய்ந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். 23 விழுக்காட்டினர் உடல் பருமன் அல்லது கூடுதல் எடை கொண்டவர்கள். மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒரே மாடியில். மலிவான, வயிற்றை நிரப்பும், ஆனால் சத்தில்லாத உணவு இரண்டுக்கும் காரணமாக முடியும்.

இதற்கெல்லாம் அடுக்குமாடிதான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வருமானம், விலைவாசி, வேலை நேரம் எல்லாம் சேர்ந்த விளைவு இது. ஆனாலும் அரசாங்கக் கணக்கில் இந்த 17 குடியிருப்புகளும் முடிந்த திட்டங்கள். வீடு கொடுத்தாயிற்று என்ற கட்டத்தில் சரி அடித்துவிட்டார்கள். உள்ளே போய்ப் பிள்ளைகளின் உயரத்தை அளந்தபோதுதான் கணக்கு முடியவில்லை என்பது தெரிந்தது.

அதே 2018 ஜனவரியில் பந்தாய் டாலாமில் உள்ள ஓர் அடுக்குமாடியில், மேலிருந்து விழுந்த நாற்காலி தாக்கி 15 வயது தமிழ் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நாடே பதறியது. யார் எறிந்தது என்ற விசாரணை நடந்தது. அது தேவைதான். அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பழைய நாற்காலியையும் மெத்தையையும் பதினைந்தாவது மாடியிலிருந்து கீழே கொண்டுபோக என்ன ஏற்பாடு இருக்கிறது? பெரிய பொருள்களைப் போட இடம் எங்கே, மின்தூக்கி பழுதானால் என்ன வழி? எறிந்தவரின் குற்றத்தை இது குறைக்காது. ஆனால் ஆயிரம் பேர் செங்குத்தாக வாழும் இடத்தில் குப்பையும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினை என்பதை வரைபடத்திலேயே யோசித்திருக்க வேண்டும்.

காற்று, வெயில், லோங்காங்

சுற்றுச்சூழல் என்றதும் பலருக்குக் காடும் யானையும் நினைவுக்கு வரும். மலிவு விலை வீட்டில் அது வரவேற்பறையின் வெப்பம். நம் நாட்டின் 1984-ஆம் ஆண்டு சீர்மைக் கட்டட துணைச் சட்டங்கள், ஓர் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்குச் சன்னல் இருக்க வேண்டும், அதில் 5 விழுக்காடு காற்று தடையின்றிப் போகும் திறப்பாக இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. மூன்றாவது அறை 6.5 சதுர மீட்டர் இருந்தால் சட்டப்படி போதும். இவை குறைந்தபட்ச அளவுகள். மலிவு விலைத் திட்டத்தில் குறைந்தபட்சமே அதிகபட்சமாகிவிடும் என்பது குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

மேற்குப் பார்த்த சுவரில் மாலை வெயில் இறங்கினால், இரவு வரைக்கும் சிமெண்டு அனலை விட்டுக்கொண்டே இருக்கும். காற்றோட்டம் இல்லாவிட்டால் மின்விசிறி நிற்காமல் சுழலும், வசதி இருந்தால் குளிர்சாதனம். மின்கட்டணம் குடும்பத்துக்கு, புகை வெளியே எங்கோ ஒரு மின்நிலையத்துக்கு. கட்டடத்தை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்ற முடிவு வரைபட மேசையில் காசில்லாமல் எடுக்கக்கூடியது. கட்டிய பிறகு எந்தக் காசு கொடுத்தாலும் திருப்ப முடியாது.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2020-இல் அறிவித்த பசுமை நகரத் திட்டம், கழகக் குடியிருப்பு நகரங்களின் ஆண்டு மின் பயன்பாட்டை 2030-க்குள் 15 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது. கட்டடங்களுக்கு வெப்பத்தைக் குறைக்கும் பூச்சு அடிக்கும் முயற்சியும் அதில் உண்டு. மக்களில் பெரும்பாலோர் கழக வீடுகளில் வாழும் நாடு அது, அவர்கள் வசதியோடு நம்மை ஒப்பிடுவது நியாயமில்லை என்று சொல்லலாம். சரிதான். ஆனால் இலக்கை எண்ணாகச் சொல்லிவிட்டால் பத்து ஆண்டு கழித்து யாரும் கேட்கலாம். 'பசுமையான வாழ்வு' என்று விளம்பரத்தில் போட்டால் கேட்க முடியாது.

பிறகு மழை. மரமும் மண்ணும் உறிஞ்சிய தண்ணீர், சிமெண்டுத் தரை வந்ததும் நேராக லோங்காங்கில் பாயும். பூங்காவில் 12 ஏக்கர் போனால் இழப்பு காலையில் மெதுவோட்டம் ஓடுபவர்களுக்கு மட்டும் என்று நினைத்தால் தவறு. மேட்டில் கொட்டும் மழை பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக்குத்தான் வரும். பள்ளத்தில் பெரும்பாலும் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு நம் நாட்டுக்குப் புதியதல்ல. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1987-இல் வந்த ஆணை, 50 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட வீடமைப்புத் திட்டங்களுக்கு இந்த மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 2015-இல் புதிய ஆணை அதன் இடத்தைப் பிடித்தது. பரப்பளவை வைத்துப் பார்க்கும் முறையில் ஓர் ஓட்டை உண்டு. ரிம்பா கியாராவின் 12 ஏக்கர் ஐந்து ஹெக்டர்கூட இல்லை. அந்த ஐந்து ஹெக்டருக்குள் ஒன்பது உயர்ந்த கட்டடங்கள். நிலம் சிறியது என்பதால் தாக்கமும் சிறியது என்று சொல்லிவிட முடியுமா?

சமூகத் தாக்க மதிப்பீடு இதைவிட இளையது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172-ஆம் சட்டம், 2017-இல் திருத்தப்பட்டபோதுதான் அதற்குச் சட்டத்தில் உறுதியான இடம் கிடைத்தது. பெரிய திட்டங்களுக்கே இது பொருந்தும். யார் பாதிக்கப்படுவார்கள், எப்படி, பாதிப்பைக் குறைக்க என்ன வழி, பின்னர் யார் கண்காணிப்பது என்று அறிக்கை சொல்ல வேண்டும். நல்ல அறிக்கைக்கும் சடங்குக்கு எழுதிய அறிக்கைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. 'திட்டம் வராவிட்டால் இந்த மக்கள் எப்படி இருப்பார்கள்?' என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒப்பீடு இல்லாமல் நன்மைகளை மட்டும் அடுக்கியிருந்தால் அது விளம்பரத் தாள்.

இதே 172-ஆம் சட்டத்தில், நம் மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விதியும் இருக்கிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத ஒரு பகுதியில் மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். உரிமையாளர் என்ற சொல்லைக் கவனியுங்கள். தோட்ட லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் நிலம் நம் பெயரில் இல்லை. பிபிஆர் வாடகைதாரரும் உரிமையாளர் இல்லை. நீள வீட்டில் இருப்பவருக்கும் பட்டா கிடையாது. அதிகம் பாதிக்கப்படுபவருக்கே கடிதம் வராமல் போகலாம்.

கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். ரிம்பா கியாரா வழக்கு அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் அந்த நிலத்தைப் பொதுப் பூங்கா என்று குறித்திருந்தது. அந்தத் திட்டத்தைவிட்டு விலகி முடிவெடுத்தால் டத்தோ பண்டார் அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கியது. இது பூங்காவுக்காகக் கிடைத்த தீர்ப்பு என்றாலும், அதன் பயன் பூங்காவோடு நிற்காது. காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றால், தாக்கத்தை முதலில் எண்ணிப் பார்த்தாக வேண்டும். திடலோ தமிழ்ப்பள்ளியின் பக்கத்து நிலமோ மாற்றப்படும்போதும் மாநகரவாசிகள் இதைச் சுட்டிக்காட்டலாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. தீர்ப்பு வந்த நாளில் பூங்கா காப்பாற்றப்பட்டது. நீள வீட்டுக் குடும்பங்கள் அன்று இரவும் அதே வீட்டில்தான் படுத்தார்கள். அவர்களின் வீட்டை எட்டுக் கோபுரங்களோடு ஒரே முடிச்சில் கட்டியதால், கோபுரங்கள் விழுந்தபோது வீடும் சேர்ந்து விழுந்தது. சமூகத் தாக்கத்தைத் தொடக்கத்திலேயே தனியாக எண்ணியிருந்தால், 100 குடும்பத்துக்கு எவ்வளவு நிலம் தேவை, அதற்கு யார் பணம் போடுவது என்பதைப் பூங்காவைத் தொடாமலேயே பேசி முடித்திருக்கலாம்.

பெஸ்தாரி ஜெயா பகுதியில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் தரைவீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியதும் இந்த வகைதான். அடுக்குமாடி வேண்டாம், தரைவீடு வேண்டும் என்று அவர்கள் கேட்டதைப் பிடிவாதம் என்று சிலர் நினைத்தார்கள். முதிய பெற்றோர், வாசலில் சாமி மாடம், பின்பக்கம் முருங்கையும் கறிவேப்பிலையும், பக்கத்து வீட்டில் அண்ணன் குடும்பம். இதையெல்லாம் பத்தாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது அனுபவத்தில் வந்த தாக்க மதிப்பீடு. நிபுணர் யாரும் எழுதித் தரவில்லை.

உங்கள் தோட்டத்திலோ அடுக்குமாடியிலோ மறுமேம்பாடு பற்றிய விளக்கக் கூட்டம் நடந்தால், எத்தனை வீடு என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். சமூகத் தாக்க அறிக்கை இருக்கிறதா, அதைப் பார்க்க முடியுமா, அதில் நம் குடும்பங்களை எத்தனை என்று எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கட்டி முடிக்கும் வரை எங்கே தங்குவது, அது எத்தனை மாதம், தாமதமானால் வாடகை யார் கொடுப்பது என்பதற்குத் தேதியோடு பதில் கேளுங்கள். புதிய வீட்டின் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதைச் சாவி வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இலவசமாகக் கிடைத்த வீட்டையே அந்தக் கட்டணம் பாரமாக்கிவிடும். பதில்களை எழுத்தில் வாங்குங்கள், கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் வாழ்ந்ததற்கான தாள்களையும் பத்திரப்படுத்துங்கள். பழைய சம்பளச் சீட்டு, இபிஎஃப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் உள்ள தோட்ட முகவரி, தண்ணீர்க் கட்டண ரசீது, எதுவானாலும் சரி. நிலப் பட்டா இல்லாதவர்களுக்கு, அந்த மண்ணில் எத்தனை ஆண்டு இருந்தோம் என்பதைக் காட்ட இவைதான் கையில் இருக்கும். அப்பாவின் பழைய தகரப் பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முறை திறந்து பாருங்கள்.